பட்டாதாரர் நேரில் வரவும்

வெயிலுமுத்து செத்து அறுபத்து மூன்று வருசம் கழித்து, ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கோவில்பட்டி வண்டி வந்து நின்று போய்ப் புழுதியும் அடங்கிய பிறகு, நொச்சிக்கரிசல் கிராம நிர்வாக அலுவலகத்து வாசலில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சர்க்கார் கூப்பிட்டுச்சாமே" என்றார்.

கூப்பிட்டது வாஸ்தவம்தான். பட்டாதாரர்கள் அனைவரும் பதினைந்து நாளைக்குள் நேரில் ஆஜராகித் தங்கள் பெயரை உறுதி செய்ய வேண்டும், தவறினால் பெயர் நீக்கப்படும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. தலையாரி ஊர்க்காவலன் ஒரு ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு, பதிவேட்டில் கண்ட நூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் தகப்பன் பெயரோடு சேர்த்து மூன்று நாள் தெருத்தெருவாக வாசித்தான். அதில் நூற்றொன்பது பேர் செத்துப் போனவர்கள் என்பது ஊருக்கும் தெரியும், ஊர்க்காவலனுக்கும் தெரியும். அவனுடைய அப்பன் பெயரே நாற்பதாவதாக இருந்தது. ஆனாலும் பட்டியலில் உள்ளதை விட்டுவிட்டு வாசிக்கத் தலையாரிக்கு அதிகாரம் இல்லை என்பதால், அப்பன் பெயரை மட்டும் கொஞ்சம் மரியாதையாக இழுத்து வாசித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

நொச்சிக்கரிசலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செத்தால் பதினாறாம் நாள் கழிந்த கையோடு அண்டா குண்டாவைப் பிரிப்பார்கள், மாட்டைப் பிரிப்பார்கள், ஆட்டுரலுக்கும் சண்டை போட்டு அதையும் ஒருவன் உருட்டிக்கொண்டு போவான், நிலத்தையும் இந்த வரப்பு முதல் அந்தப் பனை வரை உனக்கு என்று வாயாலேயே பிரித்துக்கொள்வார்கள். ஆனால் பட்டாவில் பெயரை மாற்றலாமா என்று மட்டும் எவனும் வாயைத் திறக்க மாட்டான். திறந்தவன் அப்பன் எப்போது சாவான் என்று காத்திருந்தவன் ஆகிவிடுவான். கூடப் பிறந்தவர்கள் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். இப்படி ஒருவரையொருவர் பார்த்து எல்லாரும் நல்ல பிள்ளைகளாகவே இருந்ததில், மூன்று தலைமுறையாக நொச்சிக்கரிசல் நிலம் முழுக்கச் சுடுகாட்டில் இருந்தவர்களுடையதாகவே இருந்தது.

ஆகவே அவர்கள் வந்தார்கள். எந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் நூற்றொன்பது பேரும் வரிசையில் நின்று கைநாட்டுப் போட்டுவிட்டுத் தங்கள் தங்கள் நிலத்தைப் பார்க்கப் போனார்கள். உயிரோடிருந்த மூன்று பட்டாதாரர்கள்தான் வரவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் சென்னையில் மகன் வீட்டில் இருந்தார், இன்னொருவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாள் சின்னப்பிள்ளைகள் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களுக்கும் சலித்துவிட்டது. டீக்கடைக்காரர் மட்டும், "விடிஞ்சதும் வந்து பெஞ்சு பூரா உக்காந்துக்கிடுதாக, ஒருத்தராவது ஒரு டீ குடிக்கணுமே" என்று குறைப்பட்டுக்கொண்டார். மாமனாரைப் படத்தில்கூடப் பார்த்திராத மருமகள்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சலித்தார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று கேட்பதை விட்டுவிட்டு, பூட்டன் வந்தாச்சா, எத்தனை ஏக்கருக்கு வந்திருக்கிறார் என்று கேட்டார்கள். பஞ்சாயத்து போர்டு பேருந்து நிழற்குடையில் பாதியை 'பட்டாதாரர் மட்டும்' என்று பெயிண்ட் அடித்துப் பிரித்தது. கிராம நிர்வாக அலுவலர் ஞானதிரவியத்துக்கு ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. இருபத்தெட்டு வருட சர்வீஸில் ஒரு ஆள் அவரைக் கண்டு எழுந்து நின்றதில்லை. இவர்களோ அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கர்ணம் ஐயா வாராக" என்று எழுந்து ஒதுங்கினார்கள். அந்த மாதம் ஞானதிரவியம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

பூங்கனிக்குத்தான் இது தலையிடி.

அவள் திருப்பூரில் ஒன்பது வருசம் பனியன் கம்பெனியில் கை மடித்துத் தைத்துவிட்டு, ஆறு வருசத்துக்கு முன்னால் ஊருக்கு வந்து, அப்பாவும் சித்தப்பாக்களும் வேலிக்கருவைக்கு விட்டுவைத்திருந்த இரண்டு ஏக்கர் நாற்பது சென்டைத் தன் கையாலேயே வெட்டித் திருத்தி, உளுந்தும் கம்பும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவள். கருவை வேரைத் தோண்டியதில் அவள் உள்ளங்கை, கை குலுக்கினால் எதிராளி திரும்பிப் பார்க்கிற மாதிரி காய்த்துவிட்டிருந்தது. அந்த நிலத்தின் பட்டா வெயிலுமுத்து பெயரில் இருந்தது. வெயிலுமுத்து அவளுடைய பூட்டன்.

செத்தவர்கள் வந்து கைநாட்டு வைத்த மறுநாள் காலை அவள் நிலத்துக்குப் போனபோது, உளுந்துக்கு நட்டநடுவில் அவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரு புள்ள நீ?"

"இந்த ஊருதான். உங்க பேரன் சொரிமுத்து மக."

"பேரன் மகளா? நல்லாரு. என்ன இது, பருத்தி போடுத பூமியில உளுந்தைப் போட்டு வச்சிருக்க?"

"தாத்தா, நிலத்தை என் பேருக்கு எழுதித் தாரீகளா? ஆறு வருசமா நான்தான் பாடுபடுதேன்."

வெயிலுமுத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி, பெரிய மனதோடு சிரித்தார். "எல்லாம் எங்காலத்துக்குப் பொறவு ஒங்களுக்குத்தான தாயி. நான் என்ன கூடவா கொண்டு போவப்போறேன்?"

"உங்க காலம் முடிஞ்சு அறுபத்து மூணு வருசமாச்சு தாத்தா."

"யாரு சொன்னா? சர்க்கார் சொல்லுச்சா? சர்க்கார்தான என்னைய வரச் சொல்லித் தாக்கீது விட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேச்சு முடிந்தது என்பதுபோல ஒரு உளுந்தஞ்செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

பூங்கனி அலுவலகத்துக்குப் போனாள். அந்தப் படியை அவள் நாலு வருசமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் வெயிலுமுத்துவின் இறப்புச் சான்று கேட்டார்கள். அவர் செத்த காலத்தில் ஊரில் எழுதத் தெரிந்தவரே ஒருவர்தான், அவரும் அதே வாரத்துக் காலராவில் போய்விட்டார். கோர்ட்டுக்குப் போய்ச் சான்று வாங்க இரண்டு வருசம் ஆனது. அப்புறம் பம்பாயிலும் பஹ்ரைனிலும் சென்னையிலும் இருந்த பதினேழு வாரிசுகளைத் தேடி ஒவ்வொருவராகச் சம்மதிக்கவைத்துக் கையெழுத்து வாங்க இன்னும் இரண்டு வருசம். மொத்தக் காகிதத்தையும் கட்டாகக் கட்டிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

ஞானதிரவியம் அந்தக் கட்டை அப்படியே எடுத்து அவளிடம் நீட்டினார். "இனிமே இதெல்லாம் எதுக்கும்மா? ஆளே வந்துட்டாரு. அவர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"சார், அவர் செத்ததுக்கு கோர்ட் குடுத்த சான்று அதுல இருக்கு."

"இருக்கும்மா. ஆனா ஆளும் இருக்காரே. நேத்து என் கண் முன்னால கைநாட்டு வச்சாரு. கோர்ட் பெருசா, பதிவேடு பெருசான்னு என்னைக் கேட்டா நான் எங்க போவேன்?"

"அவர் உயிரோட இல்ல சார்."

"உயிரோட இருக்கணும்னு உத்தரவுல எங்கயும் போடலையே. நேரில் வரணும்னுதான் போட்டிருக்கு." அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உத்தரவை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பங்குனியில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வெயிலைக் கரண்டாக்குகிற கண்ணாடிப் பலகைகளை நட, நொச்சிக்கரிசலின் மொத்தக் காட்டையும் இருபத்தொன்பது வருசக் குத்தகைக்குக் கேட்டார்கள். அதற்கென்று ஒரு சிறப்புக் கிராம சபை கூட்டி, மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். சமுதாயக் கூடத்தில் செத்தவர்களுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்; உயிரோடிருந்த வயசாளிகள் பின்னால் உட்கார்ந்தார்கள்; இளவட்டங்கள் சுவரோரம் நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே, 'இளைஞர்களே, மண்ணுக்கு வாருங்கள்' என்று ஒரு பேனர் தொங்கியது. அதில், இந்தப் பக்கத்தில் எங்கும் கிடைக்காத செம்மண்ணைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, வெள்ளைச் சட்டை கசங்காத ஒரு பையனும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி மனம் விட்டுப் பேசினார். நாட்டிலேயே முன்மாதிரியான நில உடைமையாளர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்றார். தண்ணீர் கேட்பதில்லை, பயிர்க் காப்பீடு கேட்பதில்லை, மறியல் செய்வதில்லை, நகரத்துக்குப் போய்விடுவதில்லை, எப்போது தேடினாலும் நிலத்திலேயே இருக்கிறார்கள் என்றார். முன்வரிசை தலையாட்டியது. இருபத்தொன்பது வருசம் என்றதும், "அதுக்கென்ன, கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்" என்று வெயிலுமுத்து சொன்னார், மற்ற நூற்றெட்டுப் பேரும் அனுபவத்தோடு அதை ஆமோதித்தார்கள். வைகாசி ஜமாபந்தியில், தாசில்தார் முன்னிலையில், கைநாட்டு வைப்பது என்று முடிவாயிற்று.

"இளைஞர்களுக்கும் அரசு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது" என்று கடைசியில் அதிகாரி சுவரோரத்தைப் பார்த்துச் சொன்னார். முப்பத்தைந்து வயது நிறையாத ஒருவர் சொந்தப் பெயரில் பட்டா வைத்திருந்தால், அந்த நிலத்தைக் கம்பெனி தொடாது. கூடவே ஒரு கிணறும் வெட்டித் தரப்படும். நொச்சிக்கரிசலில் உயிரோடிருந்த பட்டாதாரர்களில் இளையவருக்கு எழுபத்தொரு வயது. பூங்கனிக்கு ஜமாபந்திக்கு நாலு நாள் முன்னால் முப்பத்தைந்து நிறைந்துவிடும்.

அவள் பூட்டனிடம் நாற்பது நாள் நடந்தாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், காட்டில் தான் தோண்டிப் போட்ட கருவை வேர்க் குவியலைக் காட்டினாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு வேறு வேலை இல்லை.

"உன் மேல குத்தமில்ல தாயி. உயிரோட இருக்கவன் கையில நெலம் நிக்காது. ஒருத்தன் விப்பான், ஒருத்தன் மக கல்யாணம்பான், ஒருத்தன் பம்பாய்க்குப் போறேம்பான். செத்தவனப் பாரு. எவனாவது ஒரு குழி நெலம் வித்திருக்கானா?"

திரும்பி வருகிற வழியில், வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த மகாராசனிடம் இதைச் சொன்னாள். அவனும் சித்த மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட், கொரியர் என்று ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, இருபது ஆட்டோடு ஊரில் வந்து நின்றவன். கண்ணாடி நட்டால் மேய்ச்சல் போய்விடும். அவன் சிரித்தான். "அப்ப ஒண்ணு செய் மதினி. செத்தாத்தான் நெலம்னா, நாமளும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுச் செத்துற வேண்டியதுதான்."

"எழுதிக் குடுத்தாப் போதுமா?"

"ஏ, நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா கேக்கல" என்றாள் பூங்கனி.

கிராமத்தில் பிறப்பையும் இறப்பையும் பதிவது ஞானதிரவியம்தான். இறப்பை இருபத்தொரு நாளைக்குள் நெருங்கிய உறவினர் ஒருவர் வந்து சொன்னால் போதும். பட்டா மாற்றத்துக்கு நாலு வருசம் அலைந்த அவளுக்கு, சாவதற்கு ஒரே ஒரு தாளும் ஒரே ஒரு கையெழுத்தும்தான் வேண்டும் என்பது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அம்மா செல்லக்கனி வீட்டில் முதலில் அந்தத் தாளைக் கிழித்தாள். அடுத்த தாளை அடுப்பில் போட்டாள். மூன்றாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பெத்தவ கையால எழுதித் தரணுமா? வேற யாரும் ஆப்புடலயா உனக்கு?" என்று அழுதாள்.

"நான் எங்கயும் போகலம்மா. தாள்லதான்."

"ஒங்கப்பனும் தாள்ல கையெழுத்து வச்சுத்தான் எல்லாத்தையும் தோத்தாரு."

"நிலம் போச்சுன்னா திரும்ப அந்தப் பனியன் கம்பெனிக்குத்தான் போகணும். பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டு. அதுக்கு என்ன பேரு சொல்லு."

செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்று பூங்கனிக்கு முப்பத்து நாலு வயதும் பதினோரு மாதமும் இருபத்தெட்டு நாளும் ஆகியிருந்தது.

ஞானதிரவியம் இறந்தவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, படிவத்தை நிரப்பினார். சட்டத்தில் இடமில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தார். ஆனால் நேரில் வந்து நிற்கிற செத்தவர்கள் நூற்றொன்பது பேரை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்ததால், நூற்றுப்பத்தாவது ஆளை எந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்ன போட?"

செல்லக்கனி மகளைப் பார்த்தாள். பூங்கனி, "காத்திருந்துன்னு போடுங்க சார்" என்றாள்.

ஞானதிரவியம் பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டு, 'இயற்கை' என்று எழுதினார். "இந்த டிபார்ட்மென்ட்டுல அது இயற்கைதான்மா" என்றார்.

சான்று கைக்கு வந்த அன்று மத்தியானமே பூங்கனி காட்டுக்குப் போய் அதைப் பூட்டனுக்கு வாசித்துக் காட்டினாள். வெயிலுமுத்து எழுந்து நின்றார். அவளை இதுவரை பார்க்காதது மாதிரி பார்த்தார். பெயரைக் கேட்டார், நாற்பது நாளில் அன்றுதான் கேட்டார். "எம்புட்டு வயசு தாயி, சின்னப் பிள்ளையாச்சே" என்று துக்கம் விசாரித்தார். பிறகு, பிடுங்கிப் போட்டிருந்த உளுந்தஞ்செடிகளை ஓரமாக ஒதுக்கி, அவள் உட்கார இடம் விட்டார்.

ஜமாபந்தியன்று, கம்பெனிக்காரர்கள் நீட்டிய தாளில் வைப்பதற்கு முன்னால், வெயிலுமுத்து ஞானதிரவியம் நீட்டிய பட்டா மாற்றத் தாளில் பெருவிரலை வைத்தார். "செத்த பிள்ளைக்குக் குடுக்கதுக்கு என்ன, பத்திரமாத்தான் இருக்கும்" என்று கம்பெனிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். தாசில்தார் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, நாலு நாள் முன்னாலேயே முப்பத்தைந்து நிறைந்துவிட்டதே, கிணறும் கிடையாது, விலக்கும் கிடையாது என்றார். ஞானதிரவியம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஓய்வு பெற எட்டே மாதம் மிச்சமிருந்த தைரியம் அவருக்கு எங்கிருந்தோ வந்தது. "ஐயா, இறந்தவங்களுக்கு வயசு ஏறாதுங்களே" என்றார்.

தாசில்தார் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஏறும் என்று அதில் எங்கும் இல்லை.

பட்டா கொடுத்தார்கள். சால்வை போர்த்தி போட்டோ எடுத்தார்கள். பட்டாவின் பின்பக்கம், பொடி எழுத்தில், தாசில்தார் கைப்படச் சேர்த்த ஒரு நிபந்தனை இருந்தது: பயனாளி உயிருடன் இருப்பது எக்காலத்திலும் கண்டறியப்பட்டால் இப்பட்டா முன்னறிவிப்பின்றி ரத்து செய்யப்படும்.

அடுத்த திங்கட்கிழமை மகாராசன் தன் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் பதினாறு பேர் நின்றார்கள். ஆனி முடிவதற்குள் நொச்சிக்கரிசலில் நாற்பத்து மூன்று இளவட்டங்கள் இயற்கையாகக் காலமாகி, அவரவர் பூட்டன்மாரிடம் நிலம் வாங்கினார்கள். படிவம் தீர்ந்துபோய் ஞானதிரவியம் பக்கத்துக் கிராமத்தில் கடன் வாங்கினார். காடு துண்டு துண்டாகிப் போனதால், வாங்கிய கைநாட்டுகளையும் விட்டுவிட்டுக் கம்பெனி வேறு ஊர் பார்க்கப் போனது. இளைஞர் கையில் நிலம் சேர்ந்ததில் மாநிலத்திலேயே முதல் கிராமம் என்று விருது வந்தது. வாங்கப் போக ஆள் இல்லாததால், விருதை ஊர்க்காவலன் போய் வாங்கி வந்தான்.

ஆவணியில் பூங்கனிக்குக் கிணறு வெட்டினார்கள். நாற்பத்தெட்டு அடியில் தண்ணீர் வந்தது, உப்புக் கரிக்காத தண்ணீர். முதல் தண்ணீரை அவள் மக்காச்சோளத்துக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்த அன்று, உச்சி வெயிலில், கள ஆய்வுக்கு என்று ஒரு புது அதிகாரி வந்தார். சின்ன வயசுக்காரர்; ஷூவில் கரிசல் ஒட்டி ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் அரையங்குலம் உயர்ந்துகொண்டே வந்து, அவள் முன்னால் நின்று பட்டாவை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினார். அவள் முகத்தையும் கோப்பில் இருந்த சால்வைப் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது வரப்பின் அந்தக் கோடியிலிருந்து, கஞ்சிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த செல்லக்கனி, மக்காச்சோளம் மறைத்து மகள் கண்ணுக்குத் தெரியாததால், குரலெடுத்துக் கூப்பிட்டாள். "ஏ பூங்கனீ!"

பூங்கனி மடையில் குனிந்து, மண்வெட்டியால் ஒரு வெட்டு மண்ணை எடுத்து அடைத்தாள்.

"ஏ பூங்கனி, தாயீ, எங்க இருக்க?"

அவள் அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினாள்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் உடைந்திருந்தது. "யாரைக் கூப்பிடுறாங்க?" என்று அதிகாரி பேனாவைத் திறந்தபடி கேட்டார்.

"தெரியல சார்" என்றாள் பூங்கனி, நிமிராமல். "உயிரோட இருக்க யாரையோ."

அதிகாரி 'சரி' என்று குறித்துக்கொண்டு போனார். அவர் ஜீப் கண்மாய்க் கரையைத் தாண்டி மறைகிற வரைக்கும் அவள் முழங்கால் சேற்றில் அப்படியே நின்றாள். தண்ணீர் குடித்த கரிசல் அவள் இரண்டு காலையும் நன்றாக இறுக்கிப் பிடித்திருந்தது.